விளையாட்டு அறையில் உன் படம்

அன்புள்ள மாணிக்கம் அண்ணா,

நம்ப மாட்டாய், இதை உன் தம்பி தன் கையாலேயே எழுதுகிறேன். கோயிலில் மாலை வகுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நம் தீவுக்கு வந்த டீச்சர் சொல்லித் தருகிறார். நாம் வாயால் மட்டும் பாடிய பாட்டையெல்லாம் இப்போது கண்ணாலும் பார்க்கிறேன். 'ழ' போட்டு முடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அத்தனை அழகு. ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆறட்டும்.

ஆனால் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தது சந்தோஷத்தில் இல்லை. எரிச்சலில்.

என் மகள் வள்ளி, நீ தோளில் தூக்கிக்கொண்டு காவடி பார்க்கப் போவாயே, அவளுக்கு மாயெபூர் பக்கம் கடற்கரை ஹோட்டலில் வேலை. கூடப் படித்த பெண்களெல்லாம் ஸ்வெட்டர் பின்னும் ஃபேக்டரிக்குப் போனார்கள். இவளுக்கு விளையாட்டு அறை. நீ இருந்த காலத்தில் அது கிடையாது. அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி, அதில் டி.வி. மாதிரி ஒரு கண்ணாடி. கைப்பிடியை ஆட்டினால் உள்ளே விமானம் பறக்கும். அடிபட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று அடித்துக்கொள்ளும். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஒரு விளக்கு கிடையாது. வள்ளிக்கு அந்த விமான ஆட்டம் உயிர். வேலை முடிந்தும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம், விமானம் வெடித்தது. வள்ளி அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. சமையல்கட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் கொளுத்தினார்கள்! துணி துவைக்கும் பக்கத்திலிருந்து வந்த வக்குவா ஊர்க்காரி ஒருத்தி கையைக் கூப்பி, "தாயே, எம் மவனுக்குப் பிரான்ஸ் விசா கெடைக்குமா, ஒரு வார்த்தை சொல்லு" என்று கேட்டாளாம். வள்ளி நுரை தள்ளிக் கிடக்கிறாள், இவளுக்கு விசா!

உனக்கும் இதே கதைதானே? கான் தெ மாஸ்க் ரோட்டில் கரும்பு லாரியில் போகும்போது நீ விழுந்தாய். காணாமல் போன ஆடு எங்கே என்று உன்னிடம் கேட்டார்கள். உனக்கு நினைவு திரும்பியதும், "எனக்கெப்படிடா தெரியும்?" என்றாய். சாமி கோபமாக இருக்கிறது என்று மறுபடி கும்பிட்டார்கள்.

வள்ளிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். இது சாமியில்லை, சிலருடைய மூளைக்கு இப்படிப் பளிச் பளிச்சென்று அடிக்கிற வெளிச்சம் ஆகாது என்றார். இருட்டில், கிட்ட நின்று பார்த்தால் இன்னும் மோசமாம். பிறகு, "மறுபடி அப்படி வெளிச்சம் அடித்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடிக்கொண்டு திரும்பிவிடு" என்றார்.

அண்ணா, எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. காலை வெயில் சவுக்கு மரங்களுக்கு நடுவே விட்டு விட்டு அடிக்கிற அந்த ரோட்டில், நீ ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டுதானே உட்காருவாய்? "என்னடா ஒத்தைக்கண் கப்பல்காரா" என்று லாரியே சிரிக்கும். நீயும் சேர்ந்து சிரிப்பாய், கையை மட்டும் எடுக்க மாட்டாய். ஏன் என்று ஒருநாளாவது சொன்னாயா? நீயாகவே கண்டுபிடித்ததை நீயாகவே கொண்டுபோய்விட்டாயே. மறுபடி கும்பிட வந்துவிடுவார்கள் என்று பயமா?

வள்ளியோடு நானும் மேனேஜரிடம் போனேன். அவர் கிரியோலில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன். மாமாவுக்குத் தோந்தோன், ஐயாவுக்கு மிஸ்யே, இந்த இரண்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

"தோந்தோன், இருட்டுலதான் இந்த ஆட்டத்துக்கு அழகே. உங்க பொண்ணுக்கு ஒத்துக்கலன்னா துணி துவைக்கிற பக்கம் போகட்டும்."

"நான் போயிடுறேன் மிஸ்யே," என்றாள் வள்ளி. "நாளைக்கு ஒரு டூரிஸ்ட் புள்ள விழுந்தா, அதையும் துவைக்கப் போட்டுருவீங்களா? என்னை ஏன் வெளிய அனுப்பணும்? வெளிச்சத்த உள்ள விட்டா போதுமே."

பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கிற ஆளும் அங்கே நின்றான். "அந்தப் பளிச்சு இல்லேன்னா எவன் காசு போடுவான்?" என்றான். விமானம் வெடித்தால் ஒரு சத்தம் போதாதா அண்ணா? ஊரையே கொளுத்தியதுபோல் அடிக்க வேண்டுமா? எங்கேயோ தூர தேசத்தில் உட்கார்ந்து இதைச் செய்தவர்கள், உன் மாதிரி ஒரு ஆளை முன்னால் உட்காரவைத்து ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கிற கண்ணெல்லாம் ஒரே கண் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

டாக்டர் சொன்னதை வள்ளி பிரெஞ்சில் எழுதிக் கதவில் ஒட்டினாள். விருந்தாளிகள் பயந்துவிடுவார்கள் என்று மேனேஜர் அன்றைக்கே கிழித்துப் போட்டார்.

எனக்கு வந்ததே கோபம். எனக்குத் தெரிந்தது ஒரே எழுத்து, தமிழ். பெரிய அட்டை வாங்கினேன். "இந்த வெளிச்சம் சிலருக்கு வலிப்பு தரும். விளக்கைப் போடுங்கள். தள்ளி நில்லுங்கள். தலை சுற்றினால் ஒரு கண்ணை மூடித் திரும்புங்கள்." இதை எழுத எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. கீழே ஒரு கண்ணைக் கையால் பொத்திய முகம் ஒன்று வரைந்தேன். மஞ்சள் நிற அட்டை, சிவப்பு எழுத்து. வள்ளி அதை உள்சுவரில் மாட்டினாள்.

மேனேஜர் வந்தார். கிழிக்கக் கையைத் தூக்கினார். பிறகு மெதுவாக இறக்கினார்.

"இது உங்க கோயில் எழுத்துதானே?"

"ஆமா மிஸ்யே," என்றாள் வள்ளி. பொய்யில்லையே, கோயிலில் கற்ற எழுத்துதானே!

"இருக்கட்டும், நல்லது. இதுக்கு விளக்கு ஏத்தி வைக்கணும் இல்ல?"

"கண்டிப்பா. நல்ல வெளிச்சமா வைக்கணும்."

மறுநாள் எலக்ட்ரீஷியனை அனுப்பினார், அண்ணா! நீளமான டியூப்லைட், பகல் முழுக்க எரிகிறது. நாங்கள் கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காதது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டையும் செய்தேன்.

பிரெஞ்சில் ஒட்டியதைக் கிழிக்கும்வரை ஒருவரும் நின்று படிக்கவில்லை. இதைப் பார்த்து எல்லாரும், "இது என்ன எழுத்து, என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார்கள். வள்ளி ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்கிறாள். பிள்ளைகள் உன் படத்தைப் பார்த்து ஒரு கண்ணைப் பொத்திப் பழகுகிறார்கள். போன வாரம் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் தலை சுற்றுகிறது என்று கண்ணைப் பொத்தித் திரும்பிக்கொண்டானாம். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். அவன் விழவில்லை. வள்ளியும் விழவில்லை. அறைக் கடைசியில் தள்ளி நிற்கிற பெட்டியில் இன்னும் விமானம் ஓட்டுகிறாள்.

டீச்சர் இந்தக் கடிதத்தைக் கோயில் மலரில் போடப்போகிறார். பயமில்லை, மேனேஜர் வாசிக்க மாட்டார். என்றைக்காவது யாராவது அவருக்குப் படித்துச் சொல்லிவிடுவார்கள், அட்டையைக் கிழிப்பார். கிழிக்கட்டும். மறுபடி எழுதுவேன். இப்போது என் கை கொஞ்சம் வேகமாகப் போகிறது. அந்தத் தடவை உன் மீசையையும் விடாமல் வரைவேன், சத்தியம்.

லாரியில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த தம்பி,
ஆறுமுகம்