மூச்சுக்குழாய் புண்ணான வாரம்

7 டிசம்பர் 1998, திங்கள்

காலையிலிருந்து தூறல். அவனியாபுரம் முழுக்கச் சேறு. கிளினிக் வாசலில் செருப்புக் குவியல். வந்தவர்கள் எல்லோருக்கும் இருமல். டாக்டருக்கும்.

எனக்கு இன்று நான்காவது நாள். நடு நெஞ்சு எலும்புக்குப் பின்னால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி எரிச்சல். வறட்டு இருமல், சளி இல்லை. காய்ச்சல் 99.4. குரல் பாதி போய்விட்டது. மூச்சுக்குழாய் அழற்சி, வைரஸ்தான். வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது: ஆவி, வெந்நீர், வாயை மூடிக்கொண்டு ஓய்வு. ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம். சளி மஞ்சளாகிக் காய்ச்சலும் ஏறினால் பார்க்கலாம்.

இதையே இன்று வந்த பெரியவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒரு பஸ் கண்டக்டர் ஊசி கேட்டு நின்றார். தேவையில்லை, எனக்கும் இதேதான், நானும் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். "அதான் குரல் இப்புடி இருக்கு" என்றார். நர்ஸ் முத்துலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

8, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. ஈரம் காயவில்லை.

கார்த்திகா, நாலரை வயது. அப்பா லேத் பட்டறையில் வேலை. அம்மா செல்வி, அதிர்ந்து பேசாத பெண். மூன்று நாள் சளி, நேற்றிலிருந்து குரைப்பது போல இருமல். காய்ச்சல் 100. அழும்போது மட்டும் மூச்சை இழுத்தால் கர்ரென்று சத்தம், அழுகை நின்றால் இல்லை. விலா உள்வாங்கவில்லை. தண்ணீர் குடித்தாள். என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கினாள். குரூப், அதாவது குரல்வளையில் வைரஸ் வீக்கம். வீக்கம் வற்ற டெக்ஸாமெத்தசோன் ஒரு வேளை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

சொல்லி அனுப்பியது: சும்மா இருக்கும்போதே சத்தம் வந்தால், காய்ச்சல் ஏறினால், பிள்ளை துவண்டு போனால், உடனே வர வேண்டும். என் குரல் எட்டாததால் முத்துலட்சுமி சத்தமாக ஒருமுறை சொன்னாள். செல்வி தலையாட்டினாள்.

9, புதன்

புழுக்கம். இருமி இருமி விலா எல்லாம் வலி. ஒரு பாட்டம் இருமினால் கண்ணில் பூச்சி பறக்கிறது. மதியத்தோடு கடையைக் கட்டிவிட்டேன். முத்துலட்சுமி 'மாலை டாக்டர் இல்லை' பலகையை மாட்டிவிட்டுப் போனாள். கிளினிக் வீட்டின் முன்னறைதான். ஆகவே ஓய்வு என்பது கதவைச் சாத்திக்கொள்வது, அவ்வளவே.

ஆவி பிடித்தேன். மூன்றரையிலிருந்து இருட்டும் வரை படுக்கை. தூக்கமில்லை. யாரும் பெல் அடிக்கவில்லை. நிம்மதி.

வாங்க: டார்ச் பேட்டரி, ரவை, எறும்புப் பொடி.

10, வியாழன்

காலை ஏழரை. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கார்த்திகாவின் அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே செல்வியும் அவள் நாத்தனாரும்.

104. முகம் சாம்பல். சும்மா கிடக்கும்போதே சத்தம், இழுக்கும்போதும் விடும்போதும். கழுத்துக்குழி உள்ளே போகிறது. எச்சில் ஒழுகவில்லை, மல்லாந்து படுக்க முடிகிறது, ஆக குரல்வளையின் மேல்மூடி வீங்கவில்லை. அட்ரினலின் புகை கொடுத்தேன். குரூப் என்றால் கொஞ்சமாவது அடங்கும். அசையவில்லை. வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியா ஏறி, மூச்சுக்குழாய்க்குள் சீழ் கட்டியிருக்கிறது. அபூர்வமாக வருவது. என் வாழ்க்கையில் இது இரண்டாவது.

நேற்று என்ன நடந்தது என்று கேட்டேன். செல்வியின் நாத்தனார் பதில் சொன்னாள். "சோறு எறங்கல டாக்டர். என்னமோ சிக்கியிருக்குன்னு வில்லாபுரத்துக்குத் தொக்கம் எடுக்கத் தூக்கிட்டுப் போனோம்."

தொக்கம். வயிற்றைத் தடவி, தொண்டையில் ஊதி, இதுதான் சிக்கியிருந்தது என்று ஒரு பருப்பையோ முடியையோ எடுத்துக் காட்டுவார்கள். நான் கத்தினேன். குரல் வராமல் காற்றுதான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. செல்வியைப் பார்த்துத்தான் கத்தினேன். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீதான் காரணம் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு நானும் கூடப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டார்கள். உறிஞ்சியபோது கோந்து மாதிரி மஞ்சள் சீழ், உரிந்த சவ்வோடு. மயக்க டாக்டர், இன்னும் அரை மணி போயிருந்தால், என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

பெற்ற தாயை அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் கோபம் இன்னும் தீரவில்லை.

11, வெள்ளி

கார்த்திகாவுக்கு செஃப்ட்ரியாக்ஸோன், க்ளாக்ஸசிலின், இரண்டு ஆன்டிபயாடிக்கும் நரம்பு வழியாக. குழாயில் அடிக்கடி சளி உறிஞ்ச வேண்டும், அடைத்தால் போயிற்று. 102. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கைகளைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். இருமுகிறேன் என்று என்னை உள்ளே விடவில்லை. சரிதான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே உட்கார்ந்திருந்த செல்வி எழுந்து தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். நான் உட்காரவில்லை.

12, சனி

கார்த்திகாவுக்குக் காய்ச்சல் 101. வில்லாபுரம் போனேன், தொக்கம் எடுக்கிற பாக்கியத்திடம் சண்டை போட. ஐம்பது வயது இருக்கும். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிற வரை கேட்டுக்கொண்டாள்.

"நான் அந்தப் புள்ளைக்குத் தொக்கம் எடுக்கவே இல்லைங்க. நெஞ்சில காத வச்சுப் பாத்தேன். இது சிக்குன சத்தமில்ல, உள்ள புண்ணாயிருக்கு, அந்த டாக்டரம்மாகிட்டயே தூக்கிட்டுப் போங்கன்னு அப்பவே அனுப்பிட்டேன். நாலு மணி இருக்கும்."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். திரும்பும் வழியெல்லாம் ஒரே கணக்கு. நாலு மணிக்கு அங்கிருந்து கிளம்பியவர்கள் காலை ஏழரை வரை எங்கே இருந்தார்கள்?

13, ஞாயிறு

கார்த்திகாவுக்கு 99. சளி நீர்த்துவிட்டது. எனக்கு இருமல் குறைவு, எரிச்சல் மட்டும் பாக்கி. துணி துவைக்கவில்லை. எறும்புப் பொடி இன்னும் வாங்கவில்லை.

செல்வியிடம் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி வரை போய், கேட்காமல் திரும்பினேன். பயம். வேறு பெயர் இல்லை.

15, செவ்வாய்

பனி. காலை பத்து மணிக்குக் கார்த்திகாவின் குழாயை எடுத்தார்கள். குழாயைச் சுற்றிக் காற்று கசிய ஆரம்பித்திருந்தது, வீக்கம் வற்றியதற்கு அதுதான் அடையாளம். இப்போது மூச்சில் சத்தமே இல்லை. குரல் வரச் சில நாளாகும். உதட்டை மட்டும் அசைத்து ஐஸ் வேண்டும் என்றாள்.

செல்வியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பாக்கியத்தைப் பார்த்ததையும் சொன்னேன். நாலு மணிக்கே அனுப்பியும் ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன்.

"வந்தோம் டாக்டர்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கதவு சாத்தியிருந்துச்சு. நீங்க உள்ள இருமிக்கிட்டே இருந்தீங்க. நெஞ்சு பிஞ்சு போற மாதிரி அம்புட்டு இருமல். அப்பப் புள்ளைக்கு இம்புட்டு இல்ல, விடியக்காலைலதான் முத்துச்சு. பாவம், அவுகளுக்கும் ஒடம்புதான, செத்த நேரம் படுக்கட்டும், காலைல தூக்கிட்டு வருவோம்னு போயிட்டோம்."

ஏன் இதை அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எவ்வளவு நேரம் வாசலில் நின்றீர்கள் என்றேன்.

"ஒரு மணி நேரம் இருக்கும். இருமல் நின்னா பெல்லடிக்கலாம்னு பாத்தோம்."