எண்ணெய் வையாத தலையோடு இட்ட முத்திரை

அருவி வற்றாததும், தினைப்புனம் காயாததும், கதவைத் தாழிடாமலே குடிகள் கண்ணயரும் சிறப்புடையதுமாகிய குளிர்வரை நாட்டைக் காத்தருளும் வேங்கைக்கொடி வேந்தர், மலைநாட்டு மன்னருள் மூத்தவர், வரைக்கோமான் இளஞ்சாத்தர் திருமுன், மருதவேலி நாட்டு நெடுங்கரை நகரிலிருந்து, மூன்று வேந்தர் காலத்தும் ஓலை எழுதியே முதுமையடைந்த பேரமைச்சன் சேந்தன் நிலம் தோய வணங்கி எழுதுவது. தங்கள் குலம் தழைக்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. தங்கள் ஆநிரை பெருகுக. ஆண்டுதோறும் இவ்வாழ்த்தை எழுதிப் பழகிய கையே இன்றும் எழுதுகிறது. ஆயினும் இன்று எழுதப்போகும் செய்தி வாழ்த்துக்கு அடுத்த வரியில் வைக்கத் தக்கதன்று என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

சுற்றி வளைத்து எழுதுவதில் எனக்குப் பெயருண்டு. என் ஓலை ஒன்றைப் படித்து முடித்தபின், இதில் சொன்னதுதான் என்ன என்று தாங்கள் வினவ, தங்கள் அவை சிரித்ததாகவும் கேள்வி. இம்முறை அத்தொல்லை தர மாட்டேன். எங்கள் வேந்தர் மதிதாங்கிப் பெருமான் மறைந்தார். தாங்கள் அனுப்பிய தலைக்கை பூழியனை நாங்கள் கொன்றோம். அவன் குற்றமற்றவன். குற்றம் என்னுடையது.

தலைக்கை என்னும் வழக்கம் இரு நாட்டாரும் அறிந்ததே. எனினும் தங்கள் அவையில் இளையோர் பலர் இருப்பர் என்பதால் அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் பாறைத்துறைப் போரில், விழுந்தவரைப் புதைக்கவும் ஆளில்லாமல் இரு படையும் ஓய்ந்தபோது, தங்கள் பாட்டனாரும் எங்கள் வேந்தரின் பாட்டனாரும் பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்துக்கொள்ள மனமின்றி வேறொன்று செய்தனர். தலைக்கு எண்ணெய் வைப்பதில் கைதேர்ந்த ஒருவனை அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் அனுப்பினர். சனிக்கிழமைதோறும் வேந்தன் முடியைக் கழற்றி வைத்து, வாளை வெளியே விட்டு, அந்த அயல்நாட்டான் கையில் தன் தலையையும் பிடரியையும் ஒப்படைத்து அமர வேண்டும். அவனையன்றி வேறெவரும் வேந்தன் தலைக்கு எண்ணெய் வைத்தலாகாது. பிடரியைப் பகைவனிடம் வாரந்தோறும் கொடுத்து எழுபவனுக்குப் போர் தொடுக்கும் எண்ணம் எளிதில் வருவதில்லை. அறுபது ஆண்டும் வரவில்லை.

பூழியன் பதினான்கு ஆண்டு எங்களோடிருந்தான். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் இட்டு, அவை பொரியுமட்டும் காய்ச்சி இறக்கி, கைபொறுக்கும் சூட்டில் வேந்தரின் உச்சியில் வைத்து, அது தானே உள்ளிறங்கும்வரை உள்ளங்கையால் மூடியிருப்பான். அதன் பின்னரே விரல்கள் நடக்கும். நெற்றிப்பொட்டு, புருவ நடு, காதுமடலின் பின்புறம், கடைசியில் பிடரி. கடுகடுத்த முகத்தோடு அமர்ந்த வேந்தர் அரை நாழிகையில் வாய் திறந்து உறங்குவார். எழும்போது கண் தெளிந்திருக்கும், ஒற்றைத் தலைவலி போயிருக்கும், அன்றைக்கு அரண்மனையில் எவரும் ஏச்சு வாங்க மாட்டார்கள். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று எங்கள் ஊரார் சொல்வதைப் பதினான்கு ஆண்டும் கண்ணால் கண்டவன் யான்.

இதனாலேயே எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. உயிர் வாங்கும் தண்டனை ஓலைக்கு, வேந்தர் தலைக்கு எண்ணெய் வைத்து எழுந்த பின்னரே முத்திரை இடப்படும். புதன்கிழமை தீர்ப்புப் பெற்றவன் சனிக்கிழமைவரை காத்திருப்பான். எண்ணெய்ப் பலகையிலிருந்து எழுந்து வந்து, முன்னாள் தாம் உரக்கக் கத்திச் சொல்லி எழுதுவித்த ஓலையை மதிதாங்கிப் பெருமான் தம் கையாலேயே கிழித்துப் போட்டதை இருமுறை பார்த்திருக்கிறேன். கிழிக்கப்பட்ட ஓலைக்கு உரியவருள் ஒருவன் இன்று எங்கள் ஏரிக்கரையில் மடை காக்கிறான்.

இனி நடந்ததைக் கேட்டருள்க. ஆனி மாதத்தில் வேந்தர் புதுக்குதிரை ஒன்றைப் பழக்கும்போது விழுந்தார். தலையின் பின்புறம் புடைத்தது, பத்து நாளில் வற்றியது. யாவரும் மறந்தோம். ஆடி மாதம் இரண்டாம் சனிக்கிழமை, எண்ணெய்க்காப்பு முடிந்ததும் பூழியன் என் அறை வாயிலில் வந்து நின்றான். தலைக்கை ஏற்பவன் முதல்நாள் ஓர் உறுதி எடுப்பதுண்டு: எண்ணெய்ப் பலகையில் வேந்தர் வாய் சொன்னதையும், தன் கை வேந்தர் தலையில் கண்டதையும் எவரிடமும் சொல்வதில்லை என்பது அது. உறக்கத்தில் வேந்தர் உளறும் மறைபொருள்கள் வெளியேறாதிருக்க எம் முன்னோர் வைத்த காவல். அந்த உறுதியை மீறித்தான் அவன் வந்தான். அவன் பேச்சை அவன் வாய்மொழியிலேயே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மறக்கவில்லை.

“சாமி, ராசா தலையிலே பின்னாடி ஒரு எடம் கைய ஏத்துக்க மாட்டேங்குது. தொட்டா எடது கை தானா துள்ளுது. நான் அங்கே அமுத்தாமத்தான் தடவிட்டு வாறேன். வைத்தியருக்குச் சொல்லுங்க சாமி.”

யான் செய்தது இது. முதலில் சிரித்தேன். வைத்தியனை விலக்கவல்லவா உன்னை வைத்திருக்கிறோம், எண்ணெய்க்காரனே வைத்தியனைக் கேட்டால் உலகம் என்னாவது என்று எள்ளினேன். அவன் நகராமல் நிற்கவும் சினந்தேன். உறுதி மீறிய நாவை அறுக்கச் சட்டம் இடமளிக்கிறது என்று நினைவூட்டினேன். அந்த ஆவணியில் சிற்றரசர் எல்லோரும் நெடுங்கரையில் கூடவிருந்தனர். வேந்தர் தலையில் நோய் என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தால் பாதிப் பேர் திறை கொண்டு வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஆகவே எண்ணெய்க் கிண்ணத்தின்மேல் அவன் கையை வைக்கச் செய்து, அவன் மலைத்தெய்வத்தின் பெயரால், என்னிடம் சொன்னதையும் சேர்த்து எவரிடமும் சொல்வதில்லை என்று இரண்டாம் முறை உறுதி வாங்கினேன். நாட்டைக் காத்துவிட்டதாக அன்று எனக்கு நிறைவு வேறு.

அதன்பின் ஆறு சனிக்கிழமைகள் சென்றன. விருந்தில் வேந்தர் இடக்கையிலிருந்து வெற்றிலை நழுவியது, அவரே நகைத்துக்கொண்டார். ஒருநாள் என் பெயரைச் சொல்ல வந்து, இறந்துபோன என் தமையன் பெயரைச் சொன்னார். முதுமை என்று எண்ணிக்கொண்டேன், அவர் என்னைவிடப் பதினோராண்டு இளையவர் என்பதை எண்ணவில்லை. ஏழாம் சனிக்கிழமை எண்ணெய்ப் பலகையில், பூழியன் கை உச்சியில் இருக்கும்போதே, வேந்தர் முன்னால் சாய்ந்தார். அவன் தாங்கிப் பிடித்துக் கூவிய குரலுக்கு நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

பிடரியில் வர்மம் தட்டிக் கொன்றான் என்றார் அரண்மனை மருத்துவர். அவருக்கு ஒன்றும் சொல்லப்படாததால் அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். மறுநாள் அவை கூடியது. வேந்தரின் மைந்தர் கதிர்தாங்கி, இருபத்திரண்டு வயதினர், தந்தைக்குக் கொள்ளி வைத்த ஈரத் துணியோடு அரியணையில் அமர்ந்தார். தந்தையின் தலையில் ஏதேனும் நோய் கண்டாயா என்று பூழியனை அவர் மும்முறை வினவினார். மும்முறையும் பூழியன் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை மட்டும் என்னை ஒரு கணம் பார்த்தான். உறுதியை வாங்கியவன் விடுவித்தால் அவன் பேசலாம். ஒரு சொல் போதும். எதிர்த்தூணில் செதுக்கியிருந்த யானையை யான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவை அவனைக் குற்றவாளி என்றது. அப்போது இளவேந்தர் சட்டத்தை நினைவுகூர்ந்தார். உயிர்த்தண்டனைக்கு முன் தலைக்கு எண்ணெய் வேண்டும், வைக்கத்தக்க கை இவனுடையது ஒன்றே, ஆகவே விலங்கோடு இவனைக் கொணர்க, இவன் கையிலேயே தலையைக் கொடுத்து எழுந்து, பிறகு முத்திரை இடுவேன் என்றார். அவையே திகைத்தது. அத்தனை துயரிலும் அப்படிச் சொல்லத் தோன்றிய பிள்ளையை எண்ணி யான் பெருமை கொண்டிருக்க வேண்டும். எனக்கு அச்சம்தான் வந்தது. அந்தக் கை பட்டால் இந்தத் தலை குளிரும், குளிர்ந்த தலை நான்காம் முறையாக வேறு விதமாகக் கேட்கும், யாரிடமாவது சொன்னாயா என்று கேட்கும். அதை யான் அறிந்தே அவையில் எழுந்து, “தந்தையைக் கொன்ற கையிலா தாங்கள் தலையை வைப்பீர்?” என்றேன். அவர் முகம் கறுத்தது. எண்ணெய் வையாமலே முத்திரை இட்டார். எங்கள் நாட்டில் அறுபது ஆண்டில் அப்படி இடப்பட்ட முத்திரை அது ஒன்றே.

மறுநாள் காலை பூழியன் தலை கொய்யப்பட்டது. உச்சிப்பொழுதில் சிறைக்காவலன் என்னிடம் வந்தான். கொலைக்களம் செல்லுமுன் அவன் ஏதும் வேண்டினானா என்று கேட்டேன். தனக்கென எதையும் கேட்கவில்லை, ஒரு சொல் மட்டும் சொல்லியனுப்பினான் என்றான் காவலன். அது இது: “சின்ன ராசாவுக்குச் சூட்டு ஒடம்பு. இனிமே யாரு வச்சாலும் மொளகு கொறச்சுப் போடச் சொல்லுங்க.”

வேந்தே, யான் அழுதேன். அறுபத்தெட்டு வயதில், காவலன் முன், வாய்விட்டு அழுதேன். என்னைப் பழித்து ஒரு சொல் சொல்லியிருந்தானானால் இன்றும் வாய்மூடியே இருந்திருப்பேன், என்னை யான் நன்கறிவேன். ஆனால் தன்னைக் கொல்லும் தலையின் சூட்டுக்கு மருந்து சொல்லிப் போனவனை விழுங்கிவிட்டு இருக்க என்னால் ஆகவில்லை. அப்படியே அவைக்குச் சென்று, ஆடி மாதச் சனிக்கிழமை தொடங்கி யாவற்றையும் சொன்னேன்.

அதற்குள் தலைக்கை உடன்படிக்கை முறிந்ததென்று எங்கள் முன்படை பாறைத்துறை நோக்கிப் புறப்பட்டிருந்தது. இளவேந்தர் முதலில் குதிரைவீரரை ஏவி அப்படையைத் திருப்பினார். பிறகு என் தண்டனையை எழுத எழுத்தாணியை எடுத்தார். எடுத்தவர் கீழே வைத்தார். “சூடான தலையோடு ஒருமுறை முத்திரை இட்டேன். இன்னொருமுறை இட மாட்டேன்,” என்றார். அவர் உறங்கி ஒன்பது நாளாகிறது. நெற்றியை இரு கையாலும் அழுத்திக்கொண்டே அரசு செய்கிறார். அவர் தலையைத் தொட எங்கள் நாட்டில் ஆளில்லை, ஆகவே அவரால் என்னைக் கொல்லவும் இயலவில்லை, மன்னிக்கவும் இயலவில்லை.

ஆகவே அவர் இட்ட கட்டளையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பூழியன் சாவுக்கு முத்திரை இட்டது தம் கை என்பதைக் கதிர்தாங்கி வேந்தர் தங்கள் முன் ஒப்புக்கொள்கிறார். அவன் எலும்பைத் தாழியிலிட்டு, வேந்தர்க்குரிய பட்டால் மூடி இவ்வோலையோடு அனுப்புகிறார். பேரமைச்சன் சேந்தனை, பதவியும் காவலும் இன்றி, தங்கள் தீர்ப்புக்கு ஒப்படைக்கிறார். தாங்கள் தரும் தீர்ப்பு எதுவாயினும் மருதவேலி நாடு அதற்கு மாறு சொல்லாது.

எங்கள் நாட்டிலிருந்து தங்கள் அரண்மனைக்கு வந்த தலைக்கை கொற்றன், தாங்கள் இதைப் படிக்கும் வேளையில் தங்கள் அருகேதான் இருப்பான். உயிருக்கு உயிர் என்று தங்கள் அவை கேட்கும். கேட்பது முறைதான். ஆனால் அவன் இதில் எதையும் அறியான். அவனைக் கொன்றுவிட்டால் தங்கள் தலைக்கு எண்ணெய் வைக்கவும் கையில்லை. பிறகு தாங்களும் நாங்கள் செய்ததையே செய்வீர்கள், பாறைத்துறையில் மீண்டும் குழி வெட்டுவார்கள். எங்கள் இளவேந்தர் கைகூப்பிக் கேட்பது ஒன்றே: வரும் சனிக்கிழமை கொற்றன் கையில் வழக்கம்போல் தலையைக் கொடுங்கள். எழுந்தபின் தீர்ப்பளியுங்கள்.

குளிர்வரையும் மருதவேலியும் ஒன்றன் பிடரியை மற்றொன்று நம்பி வாழ்க. கதிர்தாங்கி வேந்தர் இவ்வோலையின் தலைப்பில் தம் முத்திரை இட்டார். இது தீர்ப்பு ஓலை அன்றாதலால் இடத் தகும் என்றார். புரட்டாசி ஐந்தாம் நாள், நெடுங்கரை அவையில், எழுத்தரிடம் கொடாமல் தன் கையால் எழுதியவன் சேந்தன்.

தாழியைச் சுமந்து, இவ்வோலையை நீட்டி, தங்கள் முன் நிற்கும் கிழவன் அவனே. பூழியனின் மனைவி மேலருவி ஊரில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் செய்தி போகவில்லை. தீர்ப்புக்கு முன் அவளை அழைப்பியுங்கள், அவள் கேட்பதற்கெல்லாம் இக்கிழவனே விடை சொல்லட்டும். அதுவரை அவனை அமரச் சொல்ல வேண்டா.