அக்கா எவ்வளவுக்கு வாங்கினாள்

பிப்ரவரி 20, 2025

கரும்பு வெட்டு இன்றோடு முடிந்தது. வெட்டு ஆட்களுக்குச் சோறாக்கி முதுகு கழன்றுவிட்டது. சாயங்காலம் தர்ஷினி போன் பண்ணினாள். தேவதர்ஷினி, என் ஓரகத்தி சாலம்மாள் அக்காவின் மகள். சென்னையில் வேலை. அந்தமான் போகிறோம் சித்தி, டிக்கெட் போட்டாச்சு என்கிறாள். அவள், அவள் அம்மா, நான், என் மகன் ஆகாஷ். அக்கா தம்பி ரெண்டும் சேர்ந்து பண்ணின வேலை.

"உங்கம்மா வந்தா நான் எதுக்குடி?" என்றேன்.

"வைகாசியில கல்யாணம் ஆயிட்டா எனக்கு ஏது நேரம்? ரெண்டு பேரும் வரணும், அவ்ளோதான்." வைத்துவிட்டாள்.

அக்காவும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 23

"போய்ட்டு வா, கடலப் பாத்தா மனசு லேசாவும்" என்கிறார் இவர். இவருக்கு என்ன! பாகம் பிரிக்கும்போது போர்க்கிணறு யாருக்கு என்று பஞ்சாயத்தில் அண்ணனும் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்று நாங்களும் கத்தினோம். இப்போது அவர்கள் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு தாள் பேப்பர் படிக்கிறார்கள். நாங்கள்தான் பேசுவதில்லை. யார் முதலில் பேசுவது? இப்போது சண்டையே அதுதான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். தர்ஷினிக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது அக்கா என்னைக் கூப்பிட வேண்டும். பத்திரிகை ஊருக்கே வைப்பார்கள். அது பெரிசில்லை. ஜவுளி எடுக்க நெருங்கின உறவை மட்டும்தான் கூட்டிப் போவார்கள். அந்தப் பெண்ணுக்குப் பல் முளைத்தது என் இடுப்பில் இருக்கும்போதுதான். கூப்பிடவில்லை என்றால் கல்யாணத்துக்கே போக மாட்டேன்.

போகாமல் இருந்துவிடுவேனா? தெரியவில்லை.

மார்ச் 7, போர்ட் பிளேர்

விமானத்தில் காது அடைத்துக்கொண்டது. அக்கா ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் தர்ஷினி. ஓட்டலுக்கு வந்ததும் ஆகாஷ் ஒரு டப்பாவை நீட்டினான். "பெரியம்மா கட்டிக்கினு வந்த புளிச்சோறும்மா." வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா கை புளிச்சோறு. வழித்து நக்காத குறை.

புளி வாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போவோம். மலை வளைவில் எனக்கு வாந்தி வரும், அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்துவாள். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை, வளையல்கடை எங்கே போனாலும் சேர்ந்துதான். அக்கா விலை கேட்பாள், உதட்டைச் சுழிப்பாள், விடுவிடுவென்று நடந்துவிடுவாள். நான் மட்டும் நின்று, "அவங்க கோவக்காரங்க, நீங்க கொஞ்சம் கொறச்சிக்கினா நான் சொல்லி கூட்டிக்கினு வரேன்" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன். பாத்திரக்கடைக்காரர் எங்களைக் கண்டாலே, "ஐயோ ரெண்டு பேரும் சேந்து வந்துட்டாங்களே" என்று தலையில் கை வைப்பார். அது என்ன காலம்! ஒரு குக்கர் வாங்கப் போய் ஒரு நாள் பூராவும் சிரித்துவிட்டு வருவோம்.

இப்போது நான் தனியாகப் போனால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 8

காலையில் நாலு பேருமாகக் கடைத்தெருவுக்குப் போனோம். சங்கு, சிப்பி, முத்து. ஒரு கடைக்காரர் திண்டிவனத்துக்காரராம். நம் பேச்சைக் கேட்டதும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா கடையின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். மனுஷன் கவனித்திருக்கிறார். தர்ஷினி ஒரு மூணு சர முத்துமாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் பிள்ளைகள் கடலில் குளிக்கப் போனார்கள். அக்கா காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே நான் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். ஜவுளிக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் என் கையால் அவளுக்கு ஒன்று இருக்கட்டும்.

ரெண்டாயிரத்து ஐநூறு என்றார். எண்ணூறு என்றேன். சிரித்தார்.

"உங்ககூட வந்த அம்மா இதே மால இப்பதான் ரெண்டாயிரத்துக்கு எடுத்துகினு போனாங்க. பேரமே பேசல."

சுர்ரென்று ஏறிவிட்டது எனக்கு. அக்காவுக்கு முத்து என்றால் உயிர், தனக்கு வாங்கியிருப்பாள். அவள் ரெண்டாயிரம் கொடுப்பாள், நான் மட்டும் எண்ணூறுக்கு நின்று கெஞ்சவா? எடுத்து வைத்தேன் ரெண்டாயிரத்தை.

மார்ச் 9

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் தர்ஷினியிடம் என் மாலையைக் கொடுத்தேன். அதே நேரம் அக்காவும் பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதே மாலை! தர்ஷினி ரெண்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஒரே கடையா? எவ்ளோம்மா? எவ்ளோ சித்தி?" என்றாள். நான் பையை மூடினேன். அக்கா போர்வையை மடித்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "எவ்ளோக்குக்கா வாங்கின?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது, யாரிடம் கேட்டேன் என்று.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாயிரம். நீ அவ்ளோ குடுத்துட்டுப் போனேன்னு சொன்னான். நீ உனக்குன்னு வாங்கிக்கினேன்னு நெனச்சேன். நீ குடுத்ததவிட நான் கம்மியா கேக்கறதா?"

"எங்கிட்ட நீ குடுத்தேன்னு சொன்னான்க்கா!"

"நானா? நான் இருட்டற நேரத்துலதான போனேன்!"

ஆகாஷ் கட்டிலில் புரண்டு சிரித்தான். அக்கா எழுந்து கொண்டையை இறுக்கி முடிந்தாள். "படுபாவி. வாடி."

வாடி. ஆறு வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அக்கா ரெண்டு மாலையையும் கடைக்காரர் மேஜையில் வைத்தாள். "வேணாம்பா, துட்டக் குடு." விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்றார் அவர். அக்கா வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் இங்கியே குந்திக்கினு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கத சொல்றேன்." நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "அவங்க கோவக்காரங்கண்ணா, சொன்னா செய்வாங்க" என்றேன். ரெண்டு வடநாட்டுக் குடும்பம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனது. மாலையை நாங்களே வைத்துக்கொள்ள, ஆளுக்கு ஆயிரம் திரும்பி வந்தது.

"ஒரே வூட்டு ஜனம் ஒருத்தருக்கொருத்தர் பேசாம கெடந்தா, நான் இன்னாம்மா பண்றது?" என்றார் பணத்தை நீட்டிக்கொண்டே. ஏமாற்றின ஆளுக்கு எவ்வளவு வாய்! அக்கா நோட்டுகளை ரெண்டு தடவை எண்ணினாள்.

கடலோரமாகவே நடந்து வந்தோம். இளநீர் விலையைக் கேட்டு அக்கா மயக்கம் போடாத குறை. பேசினாள், பேசினாள், போர்க்கிணற்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், புருஷனோடு ஊர் சுற்றினபோதுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை. ஜவுளி பற்றி ஒரு வார்த்தை வரும் வரும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். வரவில்லை.

மார்ச் 12

வீடு. மழை மேகம் இல்லாமல் மலை பளிச்சென்று தெரிகிறது. நேற்று கார் நின்றதும் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6

ரெண்டு வீட்டுக்கும் நடுவில் வேலிப் பக்கம் நின்று பேசுகிறோம். கறிவேப்பிலை, கேஸ் சிலிண்டர், மாட்டுக்கு மடி வீக்கம். அதோடு சரி.

ஏப்ரல் 28

"வியாழக்கெழம ஜவுளி எடுக்க சேலம் போறாங்களாம், அண்ணன் சொன்னாரு" என்றார் இவர். "உன்னக் கூப்ட்டாங்களா?"

இல்ல.

ஏப்ரல் 30

இன்றைக்கும் வேலியில் பேசினாள். காராமணி விலை பேசினாள். நாளைக்குச் சேலம் போறவ காராமணி விலை பேசறா. நான் இன்னா அவளுக்கு? அந்தமான்ல பேரம் பேச மட்டும் ஆளா? இனிமே வேலிப் பக்கமே போக மாட்டேன். போதும்.

மே 1

விடிந்ததும் வேன் வந்து அவர்கள் வாசலில் நின்றது. பார்க்கக் கூடாது என்று கொட்டகைக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கிளம்பித் தொலையட்டுமே என்று நின்றேன்.

கொட்டகை வாசலில் அக்கா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.

"இன்னாடி, இன்னும் அழுக்கு நைட்டியோட நின்னுக்கினு கீற? வேன்காரன் கத்தறான்."

"என்ன யாரும் கூப்டலியேக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்ள வூட்டக் கூப்ட்டேன். எங்க அண்ணனக் கூப்ட்டேன். உன்ன எதுக்குடி கூப்புடணும்? என்ன மட்டும் யாருன்னா கூப்ட்டாங்களா?"

வாளி என் கையில் இருந்து நழுவியது. அவளே எடுத்து மாட்டின் முன்னால் வைத்தாள்.

பாத்ரூமில் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஈரத்தலையோடு வேனில் ஏறினேன். நேரம் ஆக்கிவிட்டேன் என்று சின்னசேலம் தாண்டும் வரை அக்கா திட்டிக்கொண்டே வந்தாள்.