கோடிச் சேலைக்கு வருகிறவளுக்கு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை ஒருத்தர் விடாமல் சொல்வேன். என் மகன் முருகேசன். மகள் பாண்டியம்மா. உன் மகள் கவிதா. பக்கத்து வீட்டு மும்தாஜ். எடுக்கும் நேரத்தைச் சொல்ல வந்த பெரியவர் கருப்பையா. நான். ஐஸ் பெட்டிக்குள் நீ.

இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது தையல் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. உன் மெஷினை முருகேசன் என்றைக்கோ விற்றுவிட்டான். எண்ணெய் டப்பாகூட வீட்டில் கிடையாது. ஆனால் நாகல் நகர் தையல் கடையிலிருந்து நீ வந்து நிற்கும்போது உன் முந்தானையில் அடிக்கும் அதே வாசம், நிலைப்படியில் நின்றது.

மருமகளே, உயிரோடு இருந்தபோது நீ எதற்குத்தான் நேரத்துக்கு வந்தாய்? உலை கொதித்து அடங்கிய பிறகு வருவாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வாய். என்னை வைகிறாய் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். கவிதாவிடம் கேட்டேன். "உன்னைய வையல அப்பத்தா. வராமலே இருந்திட்டாத்தான் தப்பாம், பிந்துனாலும் வந்து சேந்துட்டா பரவாயில்லையாம்" என்றாள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பிடித்துப்போனது. பால்காரன் பொழுதேறி வந்தால் நானும் அதையே இங்கிலீஷில் சொல்வேன். அவன் முழிப்பான். நீ அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் உன் அண்ணன் செல்வராசு. நீ முருகேசனை விரும்பிக் கட்டிக்கொண்டதால் வத்தலக்குண்டிலிருந்து அவன் இந்த வாசலை மிதிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, வளைகாப்புக்கு வரவில்லை. எனக்கு அவன் மேல் ஆறாத கோபம். உனக்கு இல்லை. "வருவான் அத்தை. வாரப்ப சின்னாளப்பட்டிச் சுங்குடியோட வருவான், பாருங்க. பச்சையில கேட்ருக்கேன்" என்பாய். கேட்டது சின்னப்பிள்ளையில்.

அன்றைக்கு எல்லோரும் அந்த ஒரு சேலைக்காகத்தான் காத்துக் கிடந்தோம். பிறந்த வீட்டுக் கோடி மேலே விழாமல் பொம்பளையை வாசல் தாண்டி எடுக்கக் கூடாது. கருப்பையாவும் அதையே சொன்னார். அப்போது முருகேசனின் போன் அடித்தது. முருங்கை மரத்தடிக்குப் போய்ப் பேசினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். வந்து, "அவன் வர மாட்டானாம். தூக்குங்க" என்றான்.

பாண்டியம்மா வாங்கி வைத்திருந்த சேலையை உன் மேல் போர்த்தினார்கள். பெட்டியிலிருந்து எடுத்தபோது உன் தலை வாசல் பக்கம் சாய்ந்தது. மும்தாஜ் நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது. "யாரையோ பாக்குது புள்ள" என்றாள்.

வீட்டைக் கழுவிவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தோம். செல்வராசு வந்தான். கையில் பச்சைச் சுங்குடி. முடிச்சு அவிழ்த்த சுருக்கம்கூட விரியாத புதுச் சேலை. காலியான வாசலைப் பார்த்தான்.

"சின்னாளப்பட்டியில சேலை எடுத்துட்டேன், செத்த நேரம் பொறுங்கன்னு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேனே அத்தை. சரி வாங்கன்னாரே."

உன் வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்தது. அவனுக்கு ஆறுதலாகச் சொல்லலாம் என்றுதான் வந்தது. சொல்ல முடியவில்லை தாயி. காத்திருக்க உள்ளே ஒரு ஆள் இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய முருகேசனிடம் கேட்டேன். "மேளச் சத்தத்துல சரியாக் கேக்கலம்மா" என்றான். முருங்கை மரத்தடியில் என்ன சத்தம்? கல்யாணத்துக்கு வராதவன் இதற்கும் வர வேண்டாம் என்ற வீம்பு. அதை உன் மேல் தீர்த்துக்கொண்டான்.

பொணத்துக்கென்று எடுத்த சேலையை வீட்டில் வைக்கக் கூடாது என்றார்கள். வண்ணாத்தியும் கைநீட்டவில்லை. நான் வாங்கி என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். சாவி என் இடுப்பில்.

காரியம் முடிந்து ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ஓரம் அடிக்காத சேலையில் ஒரு சாண் அடித்திருந்தது. பச்சை நூல். நெருக்கமான உன் தையல். இந்த வீட்டில் ஊசியில் நூல் கோக்க என் கண்ணுக்குத் தெரியாது, கவிதா ஊசியைத் தொட மாட்டாள். அடுத்த அமாவாசைக்கு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. அவசரமே இல்லை உனக்கு. எப்போதும் போலத்தான்.

முருகேசனுக்கும் அந்த வாசம் அடிக்கிறது. ஒருதரம் சோற்றுத்தட்டோடு எழுந்து, "யாரும்மா வாசல்ல?" என்று கேட்டான். "உனக்குத் தெரியாதா?" என்று அவனையே கேட்டேன். இப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் வீட்டில் இருப்பதில்லை.

இன்றைக்கு விரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முடிந்துவிட்டது. மறுபக்கத்தில் ஒரு முழம் பாக்கி. கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறேன். சேலையை நானே உன் கையில் தருவேன், அதுவரைக்கும் சாவி என்னிடம்தான் இருக்கும். உன் அண்ணன் மேல் வைத்திருந்த கோபத்தை விட்டுவிட்டேன், அவன் வந்தானே. பெற்ற வயிற்றின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், நான் மன்னிக்காதவன் ஒருத்தன்தான்: முருகேசன்.