கிரைண்டருக்குக் கழட்டின வயர்

4.1.96 வியாழன்

மைனஸ் பதினெட்டாம், ரேடியோவில சொன்னாங்கள். இரவைக்கு இன்னும் இறங்குமாம். யன்னல் கண்ணாடியில உள்பக்கமும் ஐஸ்.

நாளைக்குத் திருவாதிரை. கோயிலுக்கு வடை எங்கட முறை. 108. உழுந்து காலமையே ஊறப்போட்டாச்சு. மிளகு, இஞ்சி இருக்கு. கறிவேப்பிலை ஒரு பிடிதான். எண்ணெய் தம்பி சிவத்தின்ர மனுசி வசந்தி வாங்கி வந்தவ.

கிரைண்டரை வீட்டுக்க போட வசந்தி விடமாட்டா. "மச்சாள், பிள்ளை எழும்பினா நீங்கள்தான் தாலாட்டோணும்." சரி, கராஜ். கராஜில ஒரே ஒரு பிளக். அதில சிவத்தின்ர வானுக்குப் போற வயர். கராஜ் முழுக்கச் சாமான், வான் வெளியில நிக்குது. கிழட்டு வான். இஞ்சினுக்க ஒரு ஹீற்றர் இருக்கு, ராமுழுக்கக் கரண்டில கொழுவி வைச்சாத்தான் காலமை ஸ்ராட் வரும். வான் வயரைக் கழட்டிக் கீழ போட்டிட்டு கிரைண்டரைக் கொழுவினன். முக்கால் மணித்தியாலம் அரைச்சன். மா பஞ்சு மாதிரி. நிலமெல்லாம் தெறிச்சுப்போச்சு, துடைச்சது.

வலது முழங்கால் நோ. எண்ணெய் தேய்ச்சுப்போட்டுப் படுக்கிறன்.

5.1.96 வெள்ளி. திருவாதிரை

எழுத வெக்கமாக் கிடக்கு. எழுதாட்டி நித்திரையும் வராது.

விடிய நாலரைக்கு முழுகிப்போட்டுப் வடை சுடப் பெரிய தாச்சி எடுக்கக் கராஜுக்குப் போனன். கிரைண்டர் கொழுவினபடி. வான் வயர் நிலத்தில. உடன மாத்திக் கொழுவினன். சிவம் அஞ்சரைக்குத்தானே வேலைக்கு வெளிக்கிடுறவன், ஒரு மணித்தியாலச் சூடே காணும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நமசிவாய சொல்லிச் சொல்லி வடை தட்டினன்.

காணேல்லை. வான் நாலு தரம் இருமிச்சுது. பிறகு சத்தமே இல்லை.

சிவம் கராஜுக்க வந்து பிளக்கைப் பாத்தான். "செருகித்தான் கிடக்கு. இஞ்சின் கட்டி ஐஸ். நகுலன் போட்ட ஹீற்றர் செத்துப்போச்சு." எரிச்சலில வயரைப் பிடுங்கி எறிஞ்சான்.

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். வடை கருகிடும் எண்டு உள்ளுக்குப் போயிட்டன்.

அவன் பஸ்ஸில பிறம்ரனுக்கு வேலைக்குப் போய்ச் சேர ரெண்டு மணித்தியாலம் லேற். வேலையில ஏற்கெனவே ஒருக்கா எச்சரிச்சவங்களாம்.

நகுலன் முந்தி சிவத்தோட ஒரே பேஸ்மென்ரில வாடகைக்கு இருந்த பெடியன். இப்ப கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளை. கிழமை நாளில பக்ரரி, சனி ஞாயிறில ஆக்களின்ர கார் திருத்துறவன். வானுக்கு ஹீற்றர் போட்டுத் தந்தது அவன்தான், ரெண்டு வருசம் முந்தி. சித்திரைக்குச் சொந்தமாக் கராஜ் ஒண்டு திறக்கிற எண்ணம். எங்கட சனத்தை நம்பித்தான்.

கோயிலுக்கு மில்லிக்கனில இருக்கிற ராசமக்காவின்ர மகன்தான் ஏத்திக்கொண்டு போனவர். ராசமக்கா கேட்டது "வான் எங்க?" எண்டு மட்டும். என்ர வாய். "நகுலன் போட்ட ஹீற்றர் பிழைச்சுப்போச்சு அக்கா" எண்டன். அதோட விட்டனே? "பெடியனுக்கு வேலை அவ்வளவு பிடிபடாது போல." ஆரும் கேக்கேல்லை, நானாச் சொன்னன். வடை குடுக்கேக்க பிக்கரிங் தங்கம்மாவுக்கு. சட்டி கழுவேக்க கமலாவுக்கு. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னன்.

தீபம் காட்டேக்க கண்ணை மூடினன். பக்தியில இல்லை.

வடை நல்லமெண்டு எல்லாரும் சொன்னவை. பன்னிரண்டு மிச்சம்.

6.1.96 சனி

வெயில் இருக்கு, சூடு இல்லை. சிவம் கூப்பிட, நகுலன் பத்து மணிக்குப் புது ஹீற்றரோட வந்து நிண்டான். முகம் கறுத்துப்போய்.

"அண்ணை, முதல் ஒருக்காச் செருகிப் பாப்பமே?"

சிவம்: "செருகித்தானே கிடந்தது! நான் பொய்யே சொல்லுறன்? உன்ர வேலையை நம்பினது என்ர பிழை."

அவன் ஆயுதப் பெட்டியைத் திறந்தான். நான் ரெண்டு பேருக்கும் நடுவில தேத்தண்ணியோட. நகுலன் கோப்பையை வாங்கிப்போட்டு "உள்ளுக்குப் போங்கோ அன்ரி, குளிருது" எண்டான்.

ஸ்னோவில மட்டைப் பெட்டியை விரிச்சு வானுக்குக் கீழ படுத்தான். இஞ்சின் உறையாம விடுற பச்சைநிறத் தண்ணியை வாளியில இறக்கினான். ஆணி கழண்டுது, ஹீற்றர் வரேல்லை. கறள் பிடிச்சு இஞ்சினோட இறுகிப்போச்சு. எண்ணெய் அடிச்சான், காத்திருந்தான், திருகினான், மெல்லத் தட்டினான். பலமா அடிச்சா இஞ்சினே பிளந்துபோகுமாம்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கீழயிருந்து குரல்: "அண்ணை, உது என்ர மாமி மாதிரி. வந்து இருந்தா அசையாது." சிவத்துக்குச் சிரிப்பு வந்திட்டுது. கோவமெண்டது ஞாபகம் வர நிப்பாட்டினான். நானும் தம்பி வீட்டில வந்து இருந்து மூண்டு வருசம்.

ரெண்டரை மணித்தியாலம். கடைசியாக் கழண்டு வரேக்க கை வழுக்கிப் புறங்கை கிழிஞ்சுபோச்சு. ஸ்னோவில சிவப்புச் சொட்டு. மஞ்சள் கொண்டு ஓடினன். "வேண்டாம் அன்ரி, கிறீஸ் பூசினாச் சரி."

புதுசு போட்டாச்சு. கொழுவின உடன கொதிக்கிற கேத்தில் மாதிரி ஒரு சத்தம். சிவம் தலையாட்டிப்போட்டுக் கை கழுவ உள்ளுக்குப் போனான்.

நான் கராஜ் வாசலில. நகுலன் வயரைக் கழட்டிச் சரியாக்கேக்க பிளக் நுனியைப் பாத்தான். காய்ஞ்ச உழுந்து மா. மூலையில கிரைண்டரைப் பாத்தான். என்னைப் பாக்கேல்லை. நகத்தால சுரண்டி, காற்சட்டையில துடைச்சான். பிறகு பழைய ஹீற்றரில கரண்ட் ஓடுதோ எண்டு பாக்கிற மீற்றரை வைச்சான். முள்ளு எழும்பினது எனக்கே தெரிஞ்சுது. நல்ல ஹீற்றர். அவன் அதை ஜக்கெற் பொக்கற்றுக்க போட்டான்.

குசினியில இருந்து நாலு வடை சாப்பிட்டான். நேற்றுச் சுட்டது. சூடாக்கிக் குடுத்தன்.

"மெத்தெண்டு இருக்கு அன்ரி."

அப்பனே.

7.1.96 ஞாயிறு

வான் ஒரு திருகில ஸ்ராட். சிவம்: "பாத்தீங்களே அக்கா, ஹீற்றர்தான் பிழை." நான் அரிசி களைஞ்சுகொண்டு நிண்டன்.

கற்பூரம் பத்தேல்லை. நாலு குச்சி.

ராசமக்கா ரெலிபோன். மகன் வாற சனி நகுலனிட்டைக் காரைப் பிறேக் வேலைக்குக் குடுக்க இருந்தவராம், மறிச்சுப்போட்டாவாம். "நல்லகாலம் நீர் சொன்னீர். பிறேக் எண்டா உயிர் விசயமெல்லே." தங்கம்மாவின்ர மருமகனும் வேற இடம் பாக்கிறாராம். நான் என்ன சொன்னன்? "ஓம்" எண்டன். "ஓம் அக்கா" எண்டு வைச்சன்.

மத்தியானம் சோத்தை அப்பிடியே மூடி வைச்சன். வசந்தி முழங்கால் நோவோ எண்டு கேட்டா.

பின்னேரம் எல்லாரும் கடைக்குப் போகவிட்டு நகுலனுக்கு ரெலிபோன் எடுத்தன். "தம்பி, அந்த வயர்..." அதுக்கு மேல வரேல்லை, அழுகைதான் வந்துது. இவ்வளவு கதைக்கிற எனக்கு.

"அன்ரி, அழாதேங்கோ. கராஜில இன்னொரு பிளக் இழுத்துத் தாறன், கிரைண்டருக்கு."

"நீர் ஏனப்பு சிவத்துக்குச் சொல்லேல்லை?"

"வடையும் திண்டிட்டு எப்பிடிச் சொல்லுறது?" சிரிச்சான். பிறகு சிரிக்காமல்: "நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

ராசமக்கா, தங்கம்மா, கமலா விசயம் அவனுக்குத் தெரியாது. அதையும் சொன்னன். பிள்ளை ஒண்டு அங்கால அழுதுது. "சரி அன்ரி, வைக்கிறன்."

8.1.96 திங்கள்

திரும்பவும் ஸ்னோ. சிவம் வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முதலே சொன்னன். கிரைண்டர், நாலரை மணி, எல்லாம்.

கதிரையில இருந்திட்டான். ஒரு சப்பாத்துக் காலோட. "அக்கா, அவனை ரெண்டரை மணித்தியாலம் ஐஸில படுக்க வைச்சனான். செருகிப் பாப்பம் எண்டு கேட்டவனை." கத்துவான் எண்டு நினைச்சன். கத்தியிருந்தா நல்லம். வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல போயிட்டா.

கழட்டின சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு: "நகுலனிட்டை நான் போறன். மற்ற ஆக்களோட நீங்கள்தான் கதைக்கோணும்."

கதைக்க வேண்டிய ஆக்கள்:
ராசமக்கா
தங்கம்மா
கமலா
கமலா ஆர் ஆருக்குச் சொன்னவ எண்டு கேட்டு அவையும்

என்ன சொல்லுறது எண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பாத்தன். பிழை என்ரை, பெடியன் நல்ல வேலைகாரன். இவ்வளவுதான். மா, திருவாதிரை, முழங்கால் ஒண்டும் இழுக்கக் கூடாது.

ஏழு மணி. ராசமக்காவுக்கு எடுத்தன். லைன் என்கேஜ்.

ஏழு பத்து. என்கேஜ்.

ஏழரை. இன்னும் ஆரோடயோ கதைச்சுக்கொண்டிருக்கிறா.