சுவரைப் பார்க்கும் கல்

என்னங்க,

காலையில் பார்க்குக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இன்று கல்லறைத் திருநாள். உங்கள் கல்லறையைக் கழுவி, சம்பங்கி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினேன். அப்புறம் உங்கள் வழக்கப்படியே தாத்தா சவரிமுத்துவுக்கு ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெள்ளைக்காரன் சண்டைக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பாத மனுஷனுக்கு செத்தவர்கள் பெயர் வெட்டிய அந்தப் பார்க் கல்லை விட்டால் வேறு கல்லறை ஏது?

பார்க்கைப் புதுப்பித்திருக்கிறார்கள். செயற்கைப் புல், கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு சிவப்பு இதயம். கல்லும் பளபளவென்று நின்றது. கிட்டே போனால் சவரிமுத்து என்ற பெயரைக் காணோம். சண்டையில் செத்த ஒருவர் பெயரையும் காணோம்! திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று பொன் எழுத்தில் யார் யாரோ இருக்கிறார்கள்.

காண்டிராக்டரின் ஆள் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"அதே கல்லுதாங்கம்மா. பின்பக்கம் வழவழன்னு இருந்துச்சு, அதான் திருப்பி வச்சு எழுதிட்டோம். பழைய பேரெல்லாம் சுவத்துப் பக்கம் பத்திரமா இருக்கு."

பத்திரமாம்! "உங்க அப்பா கல்லறையைத் திருப்பி வச்சு என் பேரை எழுதட்டுமா?" என்று கத்தியே விட்டேன். வாக்கிங் வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால், "மெதுவா பேசு, ரீட்டா" என்று கையைப் பிடித்திருப்பீர்கள். மெதுவாகவே பேசி என்னத்தைக் கண்டீர்கள்? உங்கள் மேலும் கோபம்தான் எனக்கு.

கல்லுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையவில்லை. யாரோ ஒரு பிரமுகர் பெயருக்குக் கீழே தாத்தாவின் மெழுகுவத்தியை வைக்க மனசு வரவில்லை. ஏற்றாமலே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் சிநேகிதர் சம்பத் போன் செய்தார். "மனு குடுத்துப் பார்க்கலாம், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். "அதுவரைக்கும் எங்க தாத்தா சுவத்தையே பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டேன். நாளைக் காலையிலேயே போகப்போகிறேன் என்றும் சொன்னேன். "சரி, நானும் வரேன்" என்றார்.

எங்கே என்று கேட்கிறீர்களா? வருஷா வருஷம் நீங்கள் தாத்தா பெயரோடு நிறுத்த மாட்டீர்கள். கல்லில் உள்ள எல்லார் பெயரையும் வாய்விட்டு வாசிப்பீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நாளையிலிருந்து தினமும் காலையில் அந்தப் பொன் எழுத்துக்கு முன்னால் நின்று, சவரிமுத்து, மாயாண்டி, காதர் மொய்தீன் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லப்போகிறேன். கல் திரும்புகிற வரைக்கும் சொல்வேன். அன்றைக்குத்தான் இந்த மெழுகுவத்தியை ஏற்றுவேன்.

மெதுவாகப் பேச மாட்டேன்.

உங்கள் மனைவி,
சவரிமுத்து வீட்டு மருமகள்
ரீட்டா