வெள்ளைக்காரத் தாத்தாவின் கண்

2024 பிப்ரவரி 12

நோராவுக்கு மறுபடி மாவுக்கட்டு. இந்த முறை வலது தொடை. மூன்று வயதுக்குள் நான்காவது முறிவு. விழக்கூட இல்லை. பாயில் உட்கார்ந்து விளையாடியவள் எழுந்து திரும்பினாள், அவ்வளவுதான்.

எமர்ஜென்சியில் ஒருத்தன், வீட்டில் குழந்தையை அடிப்பீங்களா என்று கேட்டான். அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். மனைவி கேத்தரின் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பிப்ரவரி 20

வேறு ஆஸ்பத்திரி. டாக்டர் வீணா எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்பே நோராவின் கண்ணைப் பார்த்தார். பிறகு என் கண்ணை. "விழியோட வெள்ளை நீலமா இருக்கே, வீட்ல யாருக்கெல்லாம் இப்படி?"

எனக்குப் பெருமை வந்துவிட்டது, மடையனுக்கு. அப்பாவின் தாத்தா கன்டோன்மென்ட் பட்டாளத்தில் இருந்த வெள்ளைக்காரர், அவருடைய கண்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்றேன். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த கதை. எனக்கு டிரேவர் என்று பேர் வைத்ததே அதனால்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெள்ளைக்காரங்களுக்குக் கருவிழிதான் நீலமா இருக்கும் டிரேவர். சுத்தி இருக்கிற வெள்ளை இல்ல. இது எலும்பு ஈசியா உடையுற பரம்பரை நோயோட அடையாளம். உங்களுக்குச் சின்ன வயசுல எலும்பு உடைஞ்சிருக்கா?"

உடைந்திருக்கிறது. மணிக்கட்டு, முழங்கை, மறுபடி மணிக்கட்டு. அப்பாவுக்கும்தான். முரட்டு வம்சம் என்று சொல்லிக்கொள்வோம்.

அப்படியென்றால் நோராவுக்கு — நான் கொடுத்ததா?

பிப்ரவரி 21

நான் கொடுத்ததுதான்.

மார்ச் 3

மௌரீன் அக்கா போனில் கத்தினாள். "தாத்தாவப் போய் வியாதின்றியா? இந்தக் கண்ணப் பாத்துத்தான்டா என்னைப் பொண்ணு எடுத்தாங்க."

போனை வைத்துவிட்டேன். அவளிடம் என்ன சண்டை போடுவது.

மார்ச் 18

முதல் டிரிப். இந்த மருந்து எலும்பு கரைவதை மெதுவாக்குமாம். நோயையே எடுத்துவிடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும்.

சாயங்காலமே காய்ச்சல் கொதித்தது. முதல் தடவை அப்படி வரும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இருந்தாலும் கேத்தரின் தாங்கவில்லை. "எம்புள்ளைக்கு என்னத்த ஏத்துனாங்க?" என்று அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு நோராவை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தொடவில்லை. என் கையிலேயே உடைந்துவிட்டால்?

செப்டம்பர் 8

சிவாஜிநகர் மாதா திருவிழா. தேர் வரும்போது எல்லா அப்பன்களும் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தார்கள். தள்ளுவண்டியில் இருந்த நோராவுக்கு ஜனங்களின் முதுகுதான் தெரிந்தது. "அப்பா, தூக்கு" என்றாள்.

மெழுகுவத்தி வாங்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு அப்பன்.

செப்டம்பர் 20

இரண்டாவது டிரிப். காய்ச்சல் இல்லை. பிசியோதெரபிப் பெண் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். அக்குளில் பிடிக்கக் கூடாது. ஒரு கை உட்காரும் இடத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில் விரித்து.

வீட்டில் தலையணையை வைத்துப் பழகினேன். "அதுக்குப் பாலும் குடுத்துடுங்க" என்றாள் கேத்தரின். அவள் சிரித்து எவ்வளவு நாளாகிறது.

2025 ஜூன் 14

இடது முன்கை. மருந்து ஏற்றியும் உடைகிறதே என்று டாக்டரிடம் எரிந்து விழுந்தேன். "போன வருஷத்துக்கப்புறம் இது ஒண்ணுதானே டிரேவர்" என்றார். உண்மைதான். அப்போதும் மனசு ஆறவில்லை.

செப்டம்பர் 8

பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயில் வாசல்வரை நோரா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்தாள். அதற்கு மேல் நெரிசல். "அப்பா, தூக்கு."

குனிந்தேன். ஒரு கை அடியில், ஒரு கை முதுகில். மெல்ல எழுந்தேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவு கனமாகிவிட்டாளா?

பக்கத்தில் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவிப் புடவை கட்டிய ஒரு அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "என்ன கண்ணு இது, இவ்ளோ அழகா! யாரு மாதிரிம்மா?" என்றார். பழக்கதோஷத்தில் என் வாய்க்குத் தாத்தா வந்துவிட்டார். அதற்குள் நோரா, "எங்கப்பா மாதிரி" என்றாள்.

"ஆமாங்க, என்னை மாதிரிதான்" என்றேன்.

தேர் தெருமுனை திரும்பும்வரை அவளை இறக்கவில்லை.